நிறுத்து

கான்ஸ்டன்ட்சா துறைமுகத்தின் மூன்றாம் வாசலில்
பன்னிரண்டு வருஷமாக லாரிகளை நிறுக்கிறேன்.
நிறுத்து என்று கத்துவதும் நான்தான்,
நிறுத்துச் சொல்வதும் நான்தான்.
நின்றால்தான் எடை தெரியும்.
உருண்டுகொண்டிருப்பதை என் மேடை மதிக்காது,
எண்கள் பைத்தியம் பிடித்து ஓடும்.
செய்திகளோடு எனக்குள்ள தகராறும் இதுதான்:
ஒன்றாவது நின்று தொலைக்கிறதா?

கருங்கடல் சூடேறிவிட்டது என்றார் ஒருவர் தொலைக்காட்சியில்.
எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை அடி ஆழத்தில்
என்று கேட்பதற்குள் ஷாம்பு விளம்பரம்.
நான் மறுக்கவில்லை.
ஆகஸ்டில் கால் நனைத்தால் எனக்கும் தெரிகிறது,
வெந்நீர்த் தொட்டி.
ஆனால் என் கால் வெறும் கால்தானே,
கருவியா?

போன வருஷம் கம்பெனி ஒரு கேமராவை மாட்டியது.
படத்தைப் பார்த்தே பாரம் சொல்லுமாம்,
இனி மேடையே வேண்டாமாம், நானும்தான்.
முதல் நாள், தார்ப்பாய் உப்பிய ஒரு காலி வண்டிக்கு
முப்பத்தாறு டன் என்றது.
சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.
இப்போது பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்கிறது.
சிரிப்பு போய்விட்டது.
தப்பாகச் சொல்லும் யந்திரத்தை நாலு பேர் கவனிப்பார்கள்;
ஒன்பது முறை சரியாகச் சொன்ன பிறகு
பத்தாவதை எவன் எட்டிப் பார்ப்பான்?

ஓஸ்தாப், எல்லை தாண்டிக் கோதுமை கொண்டுவருபவன்.
கடலோரம் வந்தாலே அவன் கைபேசி குழம்பி
ஏதோ விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டும்.
"திருமதி ஸ்மராண்டா, இன்று நான் எங்கே இருக்கிறேன்?"
என்று கேட்டபடிதான் இறங்குவான்.
இங்கேதான், பிரேக்கைப் போடு, என்பேன்.
நிபுணர்கள் வரைபடத்தில் அம்பு வரைகிறார்கள்:
வசந்தத்தில் முடியும், இல்லை, பனி விழுவதற்குள் முடியும்.
அவன் வண்டியின் பக்கத் தகட்டில் நான்கு ஓட்டைகள்,
கோதுமை சிந்தாமல் நாடா ஒட்டியிருக்கிறான்.
ஓட்டைக்கு எடை கிடையாது,
என் சீட்டில் அதை எழுதக் கட்டமும் கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் நான் சத்தியம் செய்த ஒரே பொருள்
இந்த மேடைதான்.

மார்ச்சில் லசர் வந்தார், அளவைத் துறை ஆள்,
மஞ்சள் பூசிய இரும்புக் கட்டிகளோடு.
உங்கள் கட்டியை யார் நிறுத்தது?
"புக்கரெஸ்டில் உள்ள கட்டி."
அதை?
"பாரிஸ் பக்கம், கண்ணாடி மூடிக்குள் ஓர் உலோக உருளை இருந்தது."
இருந்தது?
"அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது ஓர் எண்தான்.
இயற்கையிலிருந்து எடுத்த எண்."
நீங்கள் பார்த்தீர்களா?
கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தார்.
"என் கல்யாணத்திலேயே நான் எதையும் சரிபார்க்கவில்லை அம்மா,
நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."

பிறகு சொன்னார்: நாற்பது டன்னுக்கு
இருபது கிலோ கூடக் காட்டுகிறது. சட்டம் பொறுக்கும் பிழைதான்.
சட்டம் பொறுக்கலாம். எனக்கு அன்று சூப் இறங்கவில்லை.
ஒரு வருஷமாக, வண்டிக்கு வண்டி,
இல்லாத கோதுமைக்கு என் கையெழுத்து.
கடலுக்கு அப்பால் யாரோ
அதிலும் ரொட்டி சுட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் லசரை எனக்குப் பிடித்துப்போயிற்று.
எவ்வளவு பிசகலாம் என்பதையும்
சான்றிதழிலேயே எழுதி முத்திரை குத்திப் போனவர்,
எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.

இரவுப் பணி முடிந்து, யாருமில்லாதபோது
நானே மேடையில் ஏறி நின்றேன்.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
வெளிப்பலகையில் சிவப்பாக, ஊருக்கே தெரியும்படி,
எண்பது.
குளியலறைத் தராசோ எழுபத்தொன்று என்கிறது.
சந்தையில் மலிவாக வாங்கியது, ஒரு கால் ஆடும்.
இரண்டையும் நிதானமாக
நிறுத்துப் பார்த்தேன்.

குளியலறைத் தராசைத்தான் நம்புகிறேன்.