நாற்பத்து மூன்றாம் பாட்டில்

மணலியிலிருந்து வருகிறார் தேசிங்கு.
ஈறில் ஆறு மில்லிமீட்டர் பள்ளம்.
காகிதக் குச்சி நுழைத்து எடுக்கிறேன்.
"ராத்திரி காத்து அப்டி மேடம்,
கம்பெனி நாத்தம். வாயில இல்ல."
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் மனைவியிடமும்
ரெண்டு வருஷமாய் இதே பதில்தான்.

காற்றுப் பட்டால் செத்துவிடும் இவை.
ஜாடிக்குள் ஹைட்ரஜன் விடுகிறேன்.
பல்லேடியம் மணிகளின்மேல் அது
மிச்ச ஆக்சிஜனைப் பிடித்துத் தண்ணீராகிறது.
கண்ணாடியில் நாலு துளி.
ஏழாம் நாள்
ரத்த அகர் தட்டில் கறுப்புப் புள்ளிகள்,
மிளகு சிந்தினாற்போல.

மூடி திறந்ததும்
தண்டையார்பேட்டை லேபுக்குள் மணலி ராத்திரி.
கந்தகத்தோடு சேர்ந்தால்
அதே ஹைட்ரஜன்தான் இந்த நாற்றமும்.
அவர் சொன்னது பொய்யில்லை. பாதி.

ஆய்வுக்குத் தினம் ஒரு பாட்டில் தருகிறோம்.
சிலதில் ஹைட்ரஜன் கரைந்திருக்கும்,
சிலதில் வெறும் தண்ணீர்.
எது எவருக்கென்று எனக்கும் தெரியாது.
அவருடையது நாற்பத்து மூன்று.

நாலாவது வாரம்
லாரி வரிசையில் குடத்தைப் போட்டுவிட்டு
கூடவே வந்தாள் குணவதி.
பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது இன்னா தண்ணிமா?"
தெரியாது என்றேன். நம்பவில்லை.
மூடியைத் திருகி முகர்ந்தாள்.
அப்புறம் அவர் பக்கம் திரும்பி,
"வாயத் தொற, பாக்கலாம்."