ஜனவரி ஒன்று

வெள்ளி இரவு பஸ்ஸில்
கினிகத்தேனை வளைவுகளில் இரண்டு முறை
வாந்தியெடுத்தான் ஸப்ரான்.
தினிது மடிகணினியை அணைத்தபடி
வாய் திறந்து தூங்கினாள்.
இவர்களைக் கூட்டிவந்தது நான்.
மூன்று பேர், இரண்டு நாள், கூலி இல்லை,
சாப்பாடு அவரவர் செலவு.

ஹட்டனில், இரும்புக்கடைக்கு மேலே
ஓர் அறைதான் சங்கத்தின் அலுவலகம்.
வேலையை விட்டும் சேமலாப நிதி கைக்கு வராதவர்கள்
சுவர் முழுக்கக் கோப்புகளாக இருந்தார்கள்.
சில கோப்புகளை மழை ஒருமுறை
வாசித்துவிட்டுப் போயிருந்தது.
அசுந்தா சாவியைத் தந்தாள்.
"வாளி அந்த மூலையில இருக்கு,
மழை வந்தா இங்க நகர்த்தி வைங்க."
வேறு அறிமுகம் இல்லை.

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று வரிசைகள்.
லெட்சுமி, லெச்சுமி, லச்சிமி.
தோட்டத்து கிளாக்கரின் காதுக்கு ஒன்று,
சிங்களத்தில் எழுதிய பதிவாளரின் கைக்கு ஒன்று,
அடையாள அட்டை அடித்தவனின் அவசரத்துக்கு ஒன்று.
ஒரே பெண் மூன்று பேராக நிற்கிறாள்;
மூவரில் எவருக்கும் காசு இல்லை.

எங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான்.
கொழும்பில் ஒரு வங்கிக்கு இதையே செய்கிறோம்:
பெயர் ஏறக்குறைய ஒன்று,
பிறந்த நாள் ஒன்று, முகவரி ஒன்று,
அப்படியானால் ஆளும் ஒன்று.
சனி மாலை நான்கு மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கரைந்தார்கள்.
ஸப்ரான் கை தட்டினான்.
கீழே இறங்கி ரொட்டியும் கட்டசம்பலும் வாங்கித் தின்றோம்,
வென்றவர்களைப் போல.

ஞாயிறு பூசை முடிந்து வந்தாள் அசுந்தா.
நனைந்த குடையை வாளிக்குள் நிறுத்திவிட்டு
திரையை மேலிருந்து கீழாகப் படித்தாள்,
உதடு அசைய.
ஓரிடத்தில் நின்றாள்.
"ராமாயி ஒண்ணுதான் இருக்கு.
இன்னொரு ராமாயி எங்க?"

விளக்கினேன். அதே பெயர்.
அதே மேல் டிவிசன், அதே ஏழாம் லயம்.
பிறந்த நாளும் அதே: ஜனவரி ஒன்று, ஐம்பத்தெட்டு.

"தேதி தெரியாட்டி ஜனவரி ஒண்ணுனு போட்டுருவாங்க.
எங்க அம்மாவுக்கும் அதான்."

வடிகட்டிப் பார்த்தேன்.
எண்ணூற்று ஆறு பேர்
ஆண்டு மாறி, நாள் மாறாமல்
புத்தாண்டுக்குப் பிறந்திருந்தார்கள்.
வங்கியில் என்றால் மோசடி என்று சிவப்பு எரிந்திருக்கும்.
இது வெறும் அலட்சியம்,
அழகான கையெழுத்தில்.

நகல் இருந்தது, நல்லவேளை.
இரவு ஒன்பது வரை உட்கார்ந்து பிரித்தோம்.
அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.
"இவங்க ஆறாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்தவங்க,
இடது சுண்டுவிரல் பாதிதான் இருக்கும்.
அவங்க ஸ்டோர்ல நின்னவங்க, மகன் கட்டார்ல.
இந்தம்மா பேச மாட்டாங்க, மருமகளைத்தான் கேக்கணும்."

இதையெல்லாம் எங்கே போடுவது?
எங்கள் அட்டவணையில் இதற்கு இடமில்லை.
தினிது 'குறிப்பு' என்று ஒரு கட்டம் திறந்தாள்,
பழக்கத்தில் ஐம்பது எழுத்து வரம்பும் வைத்தாள்.
மூன்றாவது பெண்ணிலேயே வழிந்தது.
வரம்பை எடுத்தோம்.

விதியையும் மாற்றினோம்.
இயந்திரம் இனி எவரையும் எவரோடும் சேர்க்காது;
சந்தேகம் வந்தால் வரிசையை மஞ்சளாக்கி
'அசுந்தாவைக் கேள்' என்று காத்திருக்கும்.
நேர்த்தி போதாது என்றான் ஸப்ரான்.
அசுந்தாவுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வதாம்?
பதில் இல்லை எங்களிடம்.
இன்றைக்கும் இல்லை.

திங்கள், கொழும்பு, பதினோராம் மாடிக் குளிர்.
கூட்டத்தின் நடுவில் கைபேசி அதிர்ந்தது:
பிரிண்டர் தமிழைக் கட்டம் கட்டமா அடிக்குது.
அப்புறம் இன்னொன்று:
பாஸ்வேர்ட் எழுதின துண்டு நனைஞ்சிருச்சு.
மேசைக்கு அடியில் விரல்களை வைத்து
பதில் அனுப்பினேன்.

மதியம், சோறு ஆறிக்கொண்டிருக்க,
பட்டியலைத் திறந்து பார்த்தேன்.
நானூற்றுப் பதினெட்டாம் வரிசை மஞ்சள் நீங்கியிருந்தது.
எவ்வளவும் எழுதலாம் என்று நாங்கள் விட்ட கட்டத்தில்
அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

ராமாயி.
மத்த ராமாயி இல்ல.