கேட்பாரற்றது

ஓட்டி வந்தவன் ஓடிவிட்டான்,
வண்டி மட்டும் பிடிபட்டது.
ஏற்காடு காவல் நிலையத்தின் பின்சுவரோடு
பதினோரு வருடம் சாய்ந்து கிடந்தது.
மின்வாரியத்தில் நான் பில் போடும் ஜன்னலுக்கு
நேர் எதிரே.
கம்பம் ஏற முடியாமல் போனவனுக்கு
அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள்.

ஏலத்தன்று வாசித்தார்கள்:
"யெஸ்டி, இருநூற்றைம்பது சிசி, ஓடாது."
நாலாயிரத்து இருநூறு என்றேன்.
பழைய இரும்புக்காரர்கூட போட்டிக்கு வரவில்லை.
இன்ஸ்பெக்டர் புதியவர், தெரியாது.
ஏட்டு குணசீலனுக்குத் தெரியும்.
என் காலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்,
அன்று அடிபட்டவர் என்று எழுதிய கையால்
வாங்குபவர் என்று எழுதினார்.

செல்வமேரி இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள்,
"கடிச்ச நாயை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?"
யோசித்துப் பார்த்தேன், பதில் இல்லை.
மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன்.

மலை ஈரத்துக்குத் துரு அவசரமாக வளரும்.
உண்ணிச்செடி ஒன்று ஆரங்களுக்குள் நுழைந்து
மறுபக்கம் பூத்திருந்தது.
இடது சைலன்சரில் குளவி மண்வீடு கட்டியிருந்தது,
வலது காலி. காரணம் குளவிக்குத்தான் தெரியும்.
டேங்கில் மிஞ்சிய பெட்ரோல்
பலாப்பிசினாகி விரலில் ஒட்டியது.
சீட்டைப் பிரித்தால் எலிக் குடித்தனம்:
பஞ்சு, நூல், பாதி தின்ற ஒரு பஸ் டிக்கெட்.
பிஸ்டன் அசையவில்லை.
பிளக் துளையில் டீசல் ஊற்றிவிட்டு
ஒன்பது இரவு காத்திருந்தேன்.
எலும்பு கூட இதைவிட நாளாகும்,
எனக்குப் பழக்கம்தான்.

மீட்டரைத் துடைத்தேன். 31407.
அதன்பின் அது ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை.
என் முட்டி நொறுங்கிய இடத்துக்கு
இப்படி ஒரு எண் இருப்பதை
ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை.

கார்புரேட்டரைப் பையிலும்
முன் மட்கார்டை மடியிலும் வைத்துக்கொண்டு
சேலத்துக்கு பஸ் ஏறினேன்.
மட்கார்டுக்கும் டிக்கெட் கேட்டார் கண்டக்டர்.
செவ்வாய்ப்பேட்டையில் இதயத்துல்லா
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இந்த ஒடுக்கு எப்படிண்ணே விழுந்துச்சு?"
இடது முட்டியை அதில் பொருத்திக் காட்டினேன்.
சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.
"அப்படியே இருக்கட்டுமா?"
"தட்டு," என்றேன். "நல்லாத் தட்டு."

எல்லாம் பூட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.
இந்த வண்டிக்குக் கிக்கரும் கியரும் ஒரே கம்பி,
அதுவும் இடது பக்கம்.
கியருக்குக் கணுக்கால் போதும்,
கிக்கருக்கு முட்டி மடங்க வேண்டும்.
என்னுடையதில் ஒரு தகடு, ஆறு ஸ்க்ரூ.

செல்வமேரி சிரித்தாள்.
இந்த விஷயத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல்.
"ஊரே சரிவுதானே" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து
கோயிலுக்குக் கட்டிய புடவையோடே
ஒண்டிக்கடை இறக்கத்தில் தள்ளினாள்.
இரண்டாவது கியர். கிளட்சை விட்டேன்.
இருமியது. நின்றது. மறுபடி தள்ளினாள்.
பிறகு ஒரு நீலப்புகை,
கண்ணாடிக்குள் மூக்கைப் பொத்தியபடி
அவள் சின்னதாகிக்கொண்டே போனாள்.
408.
409.

பதினாறாம் வளைவில் நிறுத்தி
கொஞ்சநேரம் உட்காரலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.
பிரேக் அந்த அளவுக்குச் சொன்னபேச்சு கேட்கவில்லை.
திருப்பத்தில் ஒருவன்,
தலையில் விறகு, நடுரோட்டில்,
தன் யோசனையில்.
ஹாரனுக்கு இன்னும் ஒயர் மாட்டவில்லை.
"ஓரம்! ஓரம் போப்பா!"
அன்றிரவு எனக்காக யாரும் கத்தாததை
என் தொண்டையே கத்தியது.

ஒதுங்கினான்.
விறகை இறக்காமலே திரும்பி
என் அம்மாவில் ஆரம்பித்துத் திட்டினான்.
அடுத்த வளைவு வரைக்கும் கேட்டது.
கண்ணாடியில் பார்த்தேன்,
இரண்டு கால்களிலும் நன்றாக ஊன்றி நின்று
திட்டிக்கொண்டிருந்தான்.