மூன்று மாத விசா

நாசரேத்தில் வழியனுப்புக் கூட்டம் வைத்தார்கள்.
சேகரக் கமிட்டிச் செயலர்
மைக்கில் இரண்டு முறை "அயல்நாட்டு ஊழியம்" என்றார்.
திருவனந்தபுரத்தில் ஏறி
கொடுத்த கேக்கைப் பிரிப்பதற்குள் கொழும்பு.
இரவு பஸ்ஸில் வந்து
ஒட்டுசுட்டான் சந்தியில் விடிகாலை இறங்கினால்
கடைப்பலகை எல்லாம் தமிழ்.
அயல்நாட்டுப் பெருமையில் பாதி
அங்கேயே கழன்று விழுந்தது.

மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

சபைக்குப் பின்னால் தகரக் கூரை அறை.
கேத்தலின் அடியில் சுண்ணாம்பு, விரல் கனத்துக்கு.
முதல் இரவு தவமலர் அக்கா கேட்டாள்,
"நுளம்பு கடிக்குமே, வலை வேணுமோ?"
நுளம்பு யாரென்று தெரியாமல்
"அதெல்லாம் பழகிடும்" என்றேன்.
விடியும்வரை பழகவில்லை.

மாலை நாலு மணிக்கு வகுப்பு.
இருபத்துமூன்று பேர். யதுர்சி, சங்கீர்த்தன், டிலக்சனா,
முன்பல் இரண்டும் விழுந்த கபிசாந்.
இங்கிலீஷ் சொல்லித்தர வந்தவள் நான்.
"நோட்டை வாங்கு" என்றேன்,
கபிசாந் தான் இருந்த பெஞ்சைத் தட்டிப் பார்த்தான்.
"வாங்கு எண்டா இது, ரீச்சர்."
நோட்டு கொப்பி. நாற்காலி கதிரை.
அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.
அன்றைக்குப் படித்தது ஒருத்திதான்.

ரீச்சர் என்று அவர்கள் எழுதியதை
சிவப்பு மையால் வட்டமிட்டு டகரம் போட்டேன்.
மறுநாள் போதகரின் அறிவிப்புப் பலகையில்
என் பெயருக்கு முன்னால் அதே ரகரம்.
வட்டம் போட எட்டவில்லை.

ஓம் என்ற சொல்லுக்கு
முதல் வாரம் முழுக்க எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது.
எங்கள் தெருவில் அது எதிர்வீட்டுச் சொல்.
இங்கே, இயேசு உங்களை நேசிக்கிறாரா என்றால்
இருபத்துமூன்று வாயும் ஓம்.
ஐந்தாம் வாரம் அம்மா போனில், "சாப்பிட்டியா?"
நான் சொன்னதைக் கேட்டு
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு, "எதுக்கும் தினமும் வேதம் வாசி."

இன்னொன்றும் நடந்தது,
சபைக்கு எழுதாதது.

ஒரு புதன். மழை வரப் பார்த்தது.
கபிசாந்திடம் சொன்னேன்,
"இன்னைக்கு ஜெபத்தை நீ துவக்கு."
எங்கள் ஊரில் அது வெறும் வினைச்சொல்.
கூட்டத்தைத் துவக்கு, பாட்டைத் துவக்கு,
சீட்டு ஒன்று துவக்கு.
பின்வாங்கில் யாரோ களுக்கென்றார்கள்.
"துவக்கோ? இவனிட்டையோ?"
சங்கீர்த்தன் சுட்டுவிரலை நீட்டி
வாயால் இரண்டு முறை சுட்டான்.
எல்லாரும் செத்துச் செத்து விழுந்து சிரித்தார்கள்.
ஏழு வயது, எட்டு வயது.

வாசலில் பாண் வெட்டிக்கொண்டிருந்த
தவமலர் அக்காவின் கத்தி
பாதியில் நின்றது.
தலையைத் தூக்கவில்லை.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்பதற்கான தமிழ் என்னிடம் இல்லை.
கொஞ்ச நேரத்தில் கத்தி மறுபடி இறங்கியது,
துண்டுகள் முன்னைவிட மெல்லிசாய்.

"தொடங்கு எண்டு சொல்லுங்கோ" என்றாள் யதுர்சி,
தங்கச்சிக்குச் சொல்வதுபோல.
தொடங்கு, என்றேன்.
கபிசாந் கண்ணை இறுக்கி மூடி
பாணுக்காகவும் மழைக்காகவும்
ரீச்சரின்ர தமிழுக்காகவும் ஜெபித்தான்.
நான் ஒரு கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தேன்.
அவளும் ஆமென் சொன்னாள், சற்றுப் பிந்தி.

நாசரேத்திலிருந்து அறிக்கைப் படிவம் வந்திருக்கிறது.
நடத்திய கூட்டங்கள் எத்தனை,
விநியோகித்த பிரதிகள் எத்தனை.
முன்வரிசை வாங்குக்கு ஒரு கால் குட்டை,
அதில் எழுதுகிறவர்களின் எழுத்தெல்லாம் நடுங்கும்.
கொண்டுவந்த பாடத்திட்டத்தை எட்டாக மடித்து
அடியில் கொடுத்திருக்கிறேன்.
இன்னும் கொஞ்சம் ஆடுகிறது.
படிவமும் இருக்கிறது.