நிழலுக்குப் பயப்படப் பழக்குதல்

காட்பாடி ஜங்ஷனுக்குப் பின்னால்
பதினோரு சிமெண்ட் தொட்டிகள்.
ரயில் போகையில்
பதினொன்றிலும் ஒரே நேரத்தில் வட்டம் விழும்.
விரால் குஞ்சுகள் அதைச் சட்டை செய்வதில்லை.
பிறந்த இரவே
மங்களூர் மெயிலின் அதிர்வில் ஆடியவை.

தாய்க்கு முதுகுத் துடுப்படியில் ஊசி,
அப்பனுக்கு அதில் பாதி.
ஆகாயத்தாமரை நாலு கொத்து போட்டு
மேலே வலை கட்டி
டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்
நானும் ஹஸீனாவும்.
விடியும்போது
தண்ணீர்மேல் தினை சிந்தினாற்போல் முட்டை.

ஏரியென்றால்
செங்கல்பொடி மேகம்போல் குஞ்சுகள் மிதக்க
அடியிலேயே திரிவான் அப்பன்.
தவளை வந்தாலும் பாய்வான்,
தூண்டில் வந்தாலும் பாய்வான்.
தூண்டில்காரர்களுக்கு அது தெரியும்.

இங்கே அப்பனை மறுநாளே
ஏழாம் தொட்டிக்கு மாற்றியாயிற்று.
குஞ்சுகளுக்குத் தெரிந்த ஒரே நிழல்
என்னுடையது.
ஆறு மணி, பத்து, இரண்டு, மறுபடி ஆறு.
நிழல் விழுந்தால் புழு விழும்.
மொத்தமும் ஓடி வரும்
ஒரே வாயாக.
போன வருஷம் அதை வீடியோ எடுத்து
எல்லோருக்கும் அனுப்பினேன்.

அந்த எண்ணூறையும்
கழிஞ்சூர் ஏரியில் விட்ட காலை
கரையோரம் ஒரு கொக்கு.
என்னைப் போலவே
அசையாமல் நின்றது.
அதன் நிழலுக்கு வாயைத் திறந்துகொண்டு
போயின.

அறிக்கையில் எழுதினேன்:
பிழைத்தவை எத்தனை, தெரியவில்லை.

இந்த வருஷம் ஒரு கறுப்புக் குடை.
கத்திரி வெயிலில்
தொட்டிக்கு மேலே விரித்து, சாய்த்து, இழுத்து.
கூடவே
செத்த குஞ்சொன்றின் தோலை அரைத்த நீர்
நாலு சொட்டு.
"பூச்சாண்டி வேலைக்கு எத்தினி சம்பளம்?"
என்றாள் ஹஸீனா.
மூன்றாம் நாள் பாதி சிதறியது.
ஐந்தாம் நாள் மழை, குடை எனக்கே வேண்டியிருந்தது.
ஒன்பதாம் நாள்
குடை வருமுன்னே
என் தலை தெரிந்ததும்
ஓட்டுச் சில்லுகளுக்கு அடியில் போய்விட்டன எல்லாம்.

பத்து மணி. பசி நேரம்.
வரவில்லை.
வேலை முடிந்தது என்று
நோட்டில் டிக் அடித்தேன்.
அப்புறம் கொஞ்ச நேரம்
அங்கேயே நின்றேன்.
அதன்பின் சுவருக்குப் பின்னாலிருந்து
குழாய் வழியாகத்தான் தீனி.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது.
இடது வயிற்றுத் துடுப்பில் சின்ன வெட்டு,
ஆக்சிஜன் அடைத்த பைகள்,
பொலேரோவின் பின்னால் நான்.
பை சூடு தணியக் கால்மணி மிதக்கவிட்டு
வாயை அவிழ்த்தோம்.
கோரை வேர்களுக்குள்
திரும்பிப் பாராமல் போயின.
ஒன்று மட்டும்
பையின் மூலையில் தங்கி
என் விரலை முகர்ந்தது.
தண்ணீரை ஓங்கி அறைந்தேன்.

தை மாதம் கணக்கெடுப்பு.
மூன்று இழுப்பு.
ஜிலேபி நாற்பத்தாறு,
கெண்டை கொஞ்சம்,
ஆப்பிரிக்கக் கெளுத்தி இரண்டு
(அவற்றைத் திருப்பி விடவில்லை),
ஒரு நீர்ப்பாம்பு, குழந்தைச் செருப்பு ஒன்று.
விரால் கட்டத்தில் சுழி.

"வலை வர்ற சத்தத்துக்கே
சேத்துல பூந்துக்கும்மா அது"
என்றார் வலையைப் பிழிந்தபடி துளசிங்கம்.
இருக்கலாம்.
கொக்கின் வயிற்றிலும் இருக்கலாம்.
இரண்டுக்கும்
நோட்டில் ஒரே எண்தான்.

அவர் வண்டிக்குப் போனபின்
கரையில் உட்கார்ந்து
சேறு காய்ந்த காலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
கோரைப் பக்கம்
ப்ளக் என்றொரு சத்தம்.
என்னதான் ஒளிந்தாலும்
மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய மீன்.

பார்க்க எழுந்தேன்.
சாயங்கால வெயிலில் என் நிழல்
நீளமாகத் தண்ணீரில் விழுந்தது.

வட்டம் மட்டும் இருந்தது.