மூன்றாவது கட்டம்

அருமனைக்கு மேலே, றப்பர் மரங்களுக்கு நடுவில்
றசலையனின் காளை நிற்கிறது.
அறுநூற்று நாற்பது கிலோ என்கிறார் பீர்கண்ணு,
தராசில்லை, இடுப்பெலும்பைப் பார்த்த கணக்கு.
திருவிதாங்கோட்டில் இறைச்சிக்கடை அவருக்கு.
மடியில் அட்வான்ஸ், கையில் குடை.
"பாஸானா இங்க நிக்கட்டு டாக்டரே,
பெயிலானா எனக்கு."

பதினொரு பசுக்கள் சினை பிடிக்கவில்லை.
முதல் எட்டு வீட்டுக்காரர்களிடமும்
பசுவுக்குத்தான் கோளாறு என்று
றசலையன் சத்தியம் செய்திருக்கிறார்.
ஒன்பதாவது பசு அவர் கொழுந்தியாளுடையது.

கண்ணைப் பார்த்தேன், தெளிவு.
பல்லை எண்ணினேன். குளம்பை நிமிர்த்தி
நடுப்பிளவில் விரல்விட்டு முகர்ந்தேன்.
நடக்கவிட்டேன்:
முன்னங்கால் பதிந்த சேற்றுக் குழியிலேயே
பின்னங்கால் வந்து அச்சாக உட்கார்ந்தது.
இப்படி நடக்கிற காளையை
யார்தான் சந்தேகிப்பார்கள்.

விதைப்பையை இரு கையால் கீழிறக்கி
நாடாவைச் சுற்றியபோது
கயிறு பிடித்த மூன்று ஆண்களும்
மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள்.
மழை ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது.
முப்பத்தாறு சென்டிமீட்டர் என்று
சற்று உரக்கவே சொன்னேன்.

தோள்வரை கையுறை.
வெதுவெதுப்பான இருட்டுக்குள் விரல்கள் தேடித்தேடி
அழுத்தியதில், கடைசியில்,
குழாயில் நாலு மில்லி.
கட்டித் தயிர்போல் இருக்கவேண்டியது
கஞ்சிவெள்ளமாக இருந்தது.

அப்போது கரன்ட் போனது.
இடவப்பாதியில் இது செய்தியல்ல,
ஆனால் சூட்டுத்தட்டு செத்துவிட்டது.
குளிர்ந்த கண்ணாடி பொய் சொல்லும்,
நல்ல விந்தையும் பிணமாகக் காட்டும்.
குழாய்கள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கினேன்.
ஸ்லைடை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஊதினேன்.
பழைய மைக்ராஸ்கோப், அடியில் கண்ணாடி உண்டு;
மேகத்தைப் பிடித்துத் தந்தது.

முட்டத்துக் கடலில் நெத்திலிக் கூட்டம் திரும்புமே,
தண்ணீரே கொதிப்பதுபோல்,
அப்படி இருக்கவேண்டும்.
இங்கே ஒன்று போனது.
இன்னொன்று தன் வாலைத் தானே துரத்தியது.
தலை மட்டும் சில. மடங்கிய வால்கள்.
நூறு எண்ணினேன், சரியானவை நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்பது.

என் மூச்சுக்குச் சூடு போதவில்லையோ?

முதுகு வலிக்க, தொழுவச் சுவரில் சாய்ந்தேன்.
சுட்டது.
"அந்தப் பக்கம் என்ன?"
"ஷீட்டு காயப்போடுத புகைப்புரையாக்கும்.
மழையில்லியா, பாவம் குளிருமேண்ணு
சுவரோட சேத்துக் கெட்டுனேன்."
"எத்தனை நாளா?"
"ரெண்டு மாசம் இருக்கும்."

உடம்பின் சூடு தாங்காமல்தானே
அது வெளியே தொங்குகிறது, றசலையா.
நீ ஊட்டிய பருத்திக்கொட்டை, தேய்த்த எண்ணெய்,
எல்லாம் சரி.
அந்தச் சுவர் மட்டும் தப்பு.
இதை இப்படிச் சொல்லவில்லை. "இடம் மாத்துங்க" என்றேன்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
தகுதி. தகுதியின்மை.
மூன்றாவதில் டிக் போட்டேன்:
அறுபது நாள் கழித்து மறுபரிசோதனை.
யாருக்கும் பிடிக்காத கட்டம் அது.
றசலையனுக்கு முகம் விழுந்தது.
பீர்கண்ணு குடையை மடக்கி, விரித்து, மடக்கி,
"கூடட்டு, எடை கூடட்டு" என்று
பைக்கை உதைத்தார்.

மாமரத்தடிக்கு இழுத்தார்கள்.
காளை வரவில்லை.
இரண்டு மாதம் பழகிய சூட்டோடு
விலாவை ஒட்டிக்கொண்டு
நாலு கால்களையும் ஊன்றி நின்றது.
மூக்கணாங்கயிறு விறைத்தது.
பின்னாலிருந்து நானும் தள்ளினேன்.

பஸ் மார்த்தாண்டம் பாலத்தில் ஏறும்போது
கம்பியைப் பிடிக்கக் கை தூக்கப்போய்
சட்டென்று இறக்கினேன்:
இரண்டாவது குழாய்
இன்னும் என் கக்கத்தில்.