விடுபட்ட கொம்பு

பதினெட்டுப் பேர்ச்.
ஹெந்தளைக் கால்வாய்க்கு இந்தப் பக்கம்,
டயர்க் களஞ்சியத்தின் பின்மதிலோடு ஒட்டிய நிலம்.
வருடக் குத்தகையை எண்ணிக் கொடுத்தபோது
விமலசேன நோட்டைப் பார்க்கவில்லை,
எங்கள் செருப்பைப் பார்த்தார்.
"வெள்ளம் வரும், பிறகு என்னைக் கேக்க வேணாம்."

துறைமுகத்தில் பெட்டி எண்ணிய வேலை போனபின்
எதையாவது எண்ணாமல் இருக்க முடியாது இவருக்கு.
மல்லிகை இருநூறு தடி, வேர்விட்டது நூற்றுப் பதினாறு.
செவ்வந்தி தொண்ணூறு.
கொப்பியில் கோடு கீறி
செத்த கன்றுக்கும் ஒரு நிரல்.

மச்சாள் மங்களேஸ்வரி கழிவுச் சீட்டை எடுத்துத் தந்தாள்.
"பங்காளி நான், வட்டிக்காரி இல்லை" என்றாள்.
சனிக்கிழமை தவறாமல் வந்து
ஒவ்வொரு வரிசையாய்க் குனிந்து பார்ப்பாள்,
வட்டிக்காரி தோற்றாள்.

விடிய நாலரைக்கு மொட்டுப் பறிப்போம்
ஒரு கையில் டோர்ச்,
காலடியில் அட்டைக்கு உப்பு.
ஆறு மணிக்குள் ஓட்டோ செட்டியார் தெருவில் நிற்கவேண்டும்.
விரிந்ததைத் தராசுக்காரன் விரலால் ஒதுக்கிவிடுவான்.
ஆகவே
எங்கள் மல்லிகை பூத்து நாங்கள் பார்த்ததில்லை.
பார்த்தால் நட்டம்.

நாலாம் மாதம் போர்ட் போட்டோம்.
அபிநயா பெயர் வைத்தாள், நித்திலா மலர்ச்சோலை.
மாளிகாவத்தை பௌசர் எழுதினார்;
நாற்பது வருடக் கை,
நகரத்துப் பிரேத அறைகளுக்கெல்லாம் எழுதிப் பழகிய கை.
அந்தக் கை ஒரு கொம்பை விட்டுவிட்டது.
சோலை, சாலையானது.
கறுப்பில் வெள்ளை, கீழே எங்கள் தொலைபேசி எண்.
மூன்று நாள் நாங்கள் அதன் கீழ் போய்வந்தோம்,
ஒருவரும் வாசிக்கவில்லை.
சொந்தப் பெயரை யார் எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள்?

இரவு ஒன்று பத்துக்கு அழைப்பு.
"மலர்ச்சாலையா? பெட்டி இருக்கா?"
தூக்கத்தில் இவர் துறைமுகத்துக்கே போய்விட்டார்.
"இருபது அடியா, நாற்பதா?"

மறுபக்கம் சத்தமில்லை.
பிறகு ஒரு ஆம்பிளை அழுகிற சத்தம்.

தொலைபேசியை நான் பிடுங்கினேன்.
கொட்டாஞ்சேனை, தொடர்மாடி, ஐந்தாம் தட்டு.
அம்மா. லிப்ட் வேலை செய்யாது.
பிழையான இடம் என்று சொல்ல வாய் எடுத்தேன்,
வாய் முகவரியைக் கேட்டது.
பெட்டி விற்கிறவர்களின் எண்ணை மங்களேஸ்வரி தேடித் தந்தாள்,
இரண்டரை மணிக்கு, வட்டியில்லாமல்.

செவ்வந்தி முழுவதையும் வெட்டினோம்.
மலர்வளையம் கட்ட ஒருவருக்கும் தெரியாது.
மகன் ருக்மாங்கதன் மதிலேறிக் குதித்து
களஞ்சியத்துக் காவலாளியிடம் கேட்டு
சைக்கிள் டயர் ஒன்று கொண்டுவந்தான்.
அதைச் சுற்றிக் கட்டினோம்.
ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் மெலிந்து,
ஐந்து மாடியும் இவர் தோளில் போனது.

காசு வாங்கவில்லை.
அதுதான் அன்று காலைச் சண்டை.
எண்பத்தொரு பூ;
விற்றதிலும் போட முடியாது, செத்ததிலும் போட முடியாது.
கொப்பியை மடித்து வைத்துவிட்டு
இவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே நின்றார்.

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள்
அந்த மனிதன் வந்தான். பெயர் லூசியன் குணநாயகம்,
மண்ணிற லோங்ஸ், சவரம் செய்யாத முகம்.
போர்ட்டை அண்ணாந்து பார்த்தான், வாசித்தான்,
இரண்டாம் தரம் வாசித்தான்.
"கொம்பு இல்லை" என்றான்.
மாலை நாலு, உதிரிப்பூ இரண்டு கிலோ;
விலை பேசவில்லை.

பௌசர் ஏணியோடு வந்து கொம்பை ஏற்றினார், கூலி வேண்டாமென்று.
பழைய வெள்ளைக்குப் பக்கத்தில் புது வெள்ளை
ஒட்டாமல் நிற்கிறது.
கிட்ட வந்தால் சோலை.
மழையில், பஸ்ஸில் போகிறவர்களுக்கு
இன்னும் சாலைதான் போலும்:
மாதத்துக்கு ஒன்றிரண்டு அழைப்பு வருகிறது, கண்ட நேரத்தில்.

இவர் கொப்பியில் புது நிரல் கீறியிருக்கிறார்.
தலைப்பு எழுதவில்லை.
செவ்வந்தி இந்தமுறை நூற்றைம்பது.
கால்வாய்த் தண்ணீர் மூன்றாவது படியில் நிற்கிறது.